‘வேஸ்ட்’ என்றால் வீண் இல்லை

எண்ணூர், திருவொற்றியூர் பக்கத்துப் பழைய நில ஆவணங்களைப் படித்து எழுதுகிறவர்களோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘வேஸ்ட்’ என்று பார்த்ததும் ‘வீண் நிலம்’ என்று எழுதிவிடுகிறார்கள். இது அகராதித் தப்பு மட்டுமில்லை, அரசியல் தப்பு.

இங்கிலாந்தின் பழைய நிலச் சட்டத்தில் ‘வேஸ்ட்’ என்றால் உழாமல் கிடக்கும் நிலம். பிரபுவுக்குச் சொந்தம்தான். ஆனால் ஊர்க்காரர்கள் அங்கே மாடு மேய்க்கலாம், விறகு எடுக்கலாம். யாரும் போட்ட பிச்சையில்லை, வழக்கத்தால் வந்த உரிமை. அந்தச் சொல் கப்பலேறி மெட்ராஸுக்கு வந்தபோது உரிமையை அங்கேயே விட்டுவிட்டு வந்தது.

இங்கே மிஞ்சியது வரிக்கணக்கு. ‘தீர்வை ஏற்பட்ட தரிசு’, ‘தீர்வை ஏற்படாத தரிசு’ என்று கிராமக் கணக்கில் இருக்கிறதே, அது நிலத்தைப் பற்றியா பேசுகிறது? வரியைப் பற்றித்தான். புறம்போக்கும் அப்படித்தான்: தீர்வைக்கு வெளியே வைத்த ஏரி, வாய்க்கால், மேய்ச்சல், சுடுகாடு. எல்லோருக்கும் பொதுவானதற்கு வைத்த பெயரை நாம் ஆளைத் திட்டும் வசவாக்கிவிட்டோம்.

அடுத்து ‘க்ரீக்’. அமெரிக்காவில் அது ஓடை. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் கடல்நீர் ஏறி இறங்கும் கழி. எண்ணூர் க்ரீக்கை ஓடை என்று எழுதினால் என்ன ஆகும்? ஓடைக்கு இரண்டு கரை உண்டு, கரைக்கு அப்பால் எல்லாமே காலிமனை ஆகிவிடும். கழி அப்படியில்லை. வற்றம் வந்தால் சேறாகத் தெரிகிற இடமும் கழிதான். 1905ஆம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டமே, உயர்நீர்க் குறிக்குக் கீழே உள்ள க்ரீக்கின் படுகை முழுவதையும் அரசுச் சொத்துப் பட்டியலில் வைக்கிறது. நீர் ஏறும்போது எதுவரை தொடுகிறதோ, அதுவரை. அரசுச் சொத்து என்றால் அரசு இஷ்டத்துக்கு மூடலாம் என்றா அர்த்தம்?

“சாம்பலைக் கொட்டியது அனல்மின் நிலையம், சொல்லா கொட்டியது?” என்று கேட்பீர்கள். சரிதான். ஆனால் லாரிக்கு முன்னால் ஃபைல் போகிறது. ஃபைலில் சொல்லும் வரைபடமும்தான் இருக்கின்றன. மத்திய அரசு 1996இல் ஒப்புதல் தந்த கடற்கரை மண்டல வரைபடத்தில், எண்ணூர்க் கழி 6,000 ஏக்கருக்கு மேல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக இருந்தது. பின்னால் வந்த வரைபடத்தில் அந்தக் கழியையே காணோம் என்பதை, தகவல் உரிமைச் சட்டத்தில் ஆவணம் வாங்கிய சூழலியலாளர்கள் 2017இல் அம்பலப்படுத்தினார்கள். நீரை மூடுவதற்கு முன்னால் காகிதத்தில் மூடியிருக்கிறார்கள்.

அதனால் பழைய ஆவணத்தைப் படிக்கிறவர்களே, ‘வேஸ்ட்’ என்று வருகிற இடத்திலெல்லாம் ஒரு கேள்வியை எழுதி வையுங்கள்: யாருக்கு வேஸ்ட்? இறால் பிடித்துப் பிழைத்த குப்பத்துக்கா, வரி வசூலித்த கலெக்டருக்கா? இதற்குப் பதில் தெரியாமல் மொழிபெயர்த்தால், நீங்களும் கொஞ்சம் மண் கொட்டுகிறீர்கள்.