குறி தப்பினால் தோட்டாவா குற்றவாளி?

கைத்துப்பாக்கி சுடப் பழகுபவர்கள் குறி தப்பியதும் முதலில் சந்தேகப்படுவது தோட்டாவைத்தான். 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் கூடம் உண்மையிலேயே கொஞ்சம் கோணலாக இருப்பதும் உண்டு! தோட்டா மாறினால் குண்டு படும் இடமும் மாறும். எவ்வளவு மாறும், யாருக்கு அது முக்கியம் என்பதுதான் கேள்வி.

மருந்தின் அளவு சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் குண்டின் வேகம் மாறிவிடும். குழலுக்குள் திருகு போல ஓடும் பள்ளங்கள்தான் குண்டைச் சுழற்றி நேராக அனுப்புகின்றன. அந்தப் பள்ளங்களோடு ஒரு குண்டு நன்றாகப் பொருந்தும், இன்னொன்று அவ்வளவாகப் பொருந்தாது. அதனால்தான் ஒரே கம்பெனியின் ஒரே மாடல் துப்பாக்கிகள் இரண்டில், ஒன்றுக்கு ஒத்துவரும் தோட்டா மற்றதற்கு ஒத்துவராமல் போகிறது.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. மெதுவாகச் செல்லும் கனமான குண்டு கீழே படும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். கைத்துப்பாக்கியில் பெரும்பாலும் நடப்பது நேர்மாறு. சுட்டவுடன் உதைப்பினால் குழலின் நுனி மேலே எழும்புகிறது. மெதுவான குண்டு குழலை விட்டு வெளியேறத் தாமதமாகிறது, அதற்குள் நுனி இன்னும் உயர்ந்துவிடுகிறது. குண்டு மேலே போய்ப் படுகிறது!

தோட்டா ஒரு போட்டியையே மாற்றியதும் உண்டு. ஒலிம்பிக்கின் 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டலில் 2004 ஏதென்ஸ் வரை 'பாயிண்ட் 22 ஷார்ட்' என்ற சிறிய தோட்டாவைப் பயன்படுத்தினார்கள். உதைப்பு மிகக் குறைவு. 2005-ல் விதி மாறி, அதைவிட வலுவான 'லாங் ரைபிள்' தோட்டா கட்டாயமானது. வெறும் 4 விநாடிகளில் ஐந்து இலக்குகளைச் சுட வேண்டிய போட்டி அது. வீரர்கள் துப்பாக்கியை மாற்றினார்கள், புதிய உதைப்புக்குக் கையைப் பழக்கினார்கள். 2012 லண்டனில் இந்தியாவின் விஜய் குமார் வெள்ளி வென்றது இந்தப் புதிய தோட்டாவில்தான்.

அப்படியானால் விலை உயர்ந்த தோட்டா வாங்கினால் குறி சரியாகிவிடுமா? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 25 மீட்டர் துல்லியச் சுற்றின் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 50 மி.மீ. நல்ல போட்டித் துப்பாக்கியை அசையாமல் இறுக்கிப் பொருத்திச் சுட்டால், சுமாரான விலையுள்ள தோட்டாவே அதற்குள் அடங்கிவிடும். ஆனால் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 220 மி.மீ. தூரமுள்ள துப்பாக்கியில், விசையை இழுக்கும்போது முன்குறி 1 மி.மீ. விலகினால் போதும், குண்டு இலக்கில் சுமார் 114 மி.மீ. தள்ளிப் படும். பத்து கிடைக்க வேண்டிய இடத்தில் ஆறுதான் கிடைக்கும். எந்தத் தோட்டாவும் அந்த நான்கு புள்ளிகளை மீட்டுத் தராது.

ஒரே ஒரு புள்ளியில் பதக்கத்தை இழக்கக்கூடிய வீரர் தன் துப்பாக்கிக்கு ஏற்ற தோட்டாவைத் தேடிச் சோதிப்பது நியாயம். கையே இன்னும் நிலைக்காத மாணவர், வீட்டில் கெஞ்சி வாங்கிய பணத்தை விலை உயர்ந்த பெட்டியில் போடுவது வீண். அதே பணத்துக்குச் சுமாரான தோட்டா பல மடங்கு கிடைக்கும், அத்தனையும் பயிற்சி.

பழகுபவருக்கு வேண்டியது உயர்ந்த தோட்டா அல்ல, மாறாத தோட்டா. ஒரே வகை, முடிந்தால் ஒரே லாட். பயிற்சிக்கு எதுவோ போட்டிக்கும் அதுவே. வாரம் ஒரு வகை மாற்றினால், தப்பு தோட்டாவிலா கையிலா என்று கடைசிவரை தெரியாது. பயிற்சியாளர்களும் கிளப்புகளும் மாணவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும். கை நிலைத்த பிறகு தோட்டாவைத் தேடலாம், அதுவரை தேட வேண்டியது தன் தவறை.