ரிஸ்க் எடுக்காதவர்கள் என்று யாரைச் சொல்கிறீர்கள்?

மேலாண்மைத் துறையில் சிறுதொழில் பற்றி ஆய்வு செய்யும் யாரும் ஒரு கேள்வித்தாளைத் தாண்டிப் போக முடியாது. ஜெஃப்ரி கோவின், டென்னிஸ் ஸ்லெவின் என்ற இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் 1989இல் வடிவமைத்தது அது. மொத்தம் ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஏழு வரை மதிப்பெண். புதிய பொருள்களைச் சந்தைக்குக் கொண்டுவருகிறீர்களா, போட்டியாளர் செய்வதற்கு முன் நீங்கள் இறங்குகிறீர்களா, பெரிய லாபம் வரும் என்றால் துணிந்து பணம் போடுவீர்களா, இல்லை பார்த்துப் பார்த்துத்தான் அடியெடுத்து வைப்பீர்களா என்று முதலாளியிடம் கேட்பார்கள். புத்தாக்கம், முந்திச் செயல்படுவது, ரிஸ்க் எடுப்பது ஆகிய மூன்றும் சேர்ந்தால் அதற்குத் 'தொழில்முனைவு மனப்பாங்கு' என்று பெயர். இந்த மனப்பாங்கு கூடினால் தொழிலின் வெற்றியும் கூடுகிறதா என்பதுதான் ஆய்வு. மாவட்டத்தின் பெயரை மட்டும் மாற்றி இதே தலைப்பில் நம் பல்கலைக்கழகங்களில் ஆய்வேடுகள் வந்துகொண்டே இருக்கின்றன. நானும் அந்த வரிசையில்தான் நிற்கிறேன்.

கூடுகிறது என்பதுதான் உலக அளவில் கிடைத்திருக்கும் விடை. 2009இல் ஆண்ட்ரியாஸ் ரவ்க் என்பவரும் அவருடைய சகாக்களும் அதுவரை வந்த 51 ஆய்வுகளைத் திரட்டிக் கணக்குப் போட்டார்கள். மனப்பாங்குக்கும் வெற்றிக்கும் இடையிலான தொடர்பு 0.24 என்று வந்தது. புள்ளியியல் தெரிந்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். ஒரு தொழில் நன்றாக ஓடுவதற்கும் இன்னொன்று படுத்துவிடுவதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டில் ஏறத்தாழ 6 விழுக்காட்டைத்தான் முதலாளியின் மனப்பாங்கைக் கொண்டு விளக்க முடிகிறது. அது சின்ன விஷயம் என்று நான் சொல்ல வரவில்லை. சமூக அறிவியலில் 0.24 மரியாதையான எண்தான். ஆனால் மீதி 94 விழுக்காட்டைப் பற்றிப் பேசாமல் இந்த 6 விழுக்காட்டின் மேல் பயிற்சி முகாம், விழிப்புணர்வுக் கூட்டம், 'வெற்றி பெற்றவர்களின் கதை' என்று ஒரு கட்டடமே எழுப்பியிருக்கிறார்களே, அங்கேதான் எனக்கு உறுத்துகிறது.

இந்தியாவில் அந்தக் கட்டடத்தின் அடியில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியும். பட்டியல் சாதியினர் தொழிலில் ஏன் குறைவாக இருக்கிறார்கள் என்று கருத்தரங்குகளில் கேட்டால், 'அவர்களுக்கு ரிஸ்க் எடுக்கும் மனநிலை இல்லை, சம்பள வேலைதான் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள், இடஒதுக்கீடு பழக்கிவிட்டது' என்பார்கள். தகுதி, திறமை என்று நம் தாத்தாக்களிடம் சொன்னதைத்தான் இப்போது மனப்பாங்கு என்ற பெயரில் ஏழு புள்ளி அளவுகோலில் வைத்து நம்மிடம் நீட்டுகிறார்கள்.

ரிஸ்க் என்பது தலைக்குள் இருக்கும் குணமா, கைக்குள் இருக்கும் வசதியா என்று தெரிய வேண்டுமானால் திருப்பூரைப் பார்க்க வேண்டும். பனியன் தொழிலைப் பற்றி ஷரத் சாரி எழுதி 2004இல் வந்த ஆய்வுநூல், கவுண்டர் சமூகத்து உழவர்களும் தொழிலாளர்களும் ஒரே தலைமுறைக்குள் முதலாளிகளானதைத்தான் பேசுகிறது. தாங்கள் உயர்ந்ததற்குக் காரணம் உழைப்பு என்பதே அந்த முதலாளிகளின் சொல். உழைத்தார்கள், அதில் பொய்யில்லை. ஆனால் நான்கு பவர் டேபிளோடு தனியாகப் பிரிந்து வந்தவனுக்கு முதல் ஆர்டர் கொடுத்தது யார்? பெரும்பாலும் பழைய முதலாளி. அவன் இவனுக்குச் சொந்தக்காரன், இல்லாவிட்டால் சொந்தக்காரனுக்குச் சொந்தக்காரன். நூல் கடனாகக் கிடைத்தது எப்படி? கல்யாண வீட்டில் பார்த்த முகம் என்பதால். பணம் வர மூன்று மாதம் தாமதமானால் சாயப்பட்டறைக்காரன் பொறுத்துக்கொண்டது ஏன்? அதே காரணத்தால். தொழில் நொடித்தால் ஊரில் தோட்டம் இருக்கிறது, மாமனார் வீடு இருக்கிறது, இரண்டு வருடம் கழித்து இன்னொரு பெயரில் கம்பெனி தொடங்க ஆள் இருக்கிறார்கள். இவ்வளவும் பின்னால் இருக்கும்போது ஒருவர் கேள்வித்தாளில் 'துணிந்து இறங்குவேன்' என்பதற்கு ஆறோ ஏழோ போடுவார். அந்த எண் பொய்யல்ல. அதைச் சொந்த மனத்தின் அளவாக மட்டும் படிப்பதுதான் பொய்.

எம். விஜயபாஸ்கரும் ஏ. கலையரசனும் 2014இல் திருப்பூரைப் பற்றி எழுதிய கட்டுரை, இதே வலைப்பின்னல் தலித்துகளுக்குக் கதவாக இல்லாமல் சுவராக நின்றதைச் சொல்கிறது. சமூக மூலதனம் என்று பாடப்புத்தகம் அழகாகச் சொல்வது, நம் ஊரில் சாதிக்குள் சுற்றிவரும் நம்பிக்கைதான். உள்ளே இருப்பவனுக்கு அது கடன். வெளியே இருப்பவனுக்கு 'அட்வான்ஸ் இருந்தா சரக்கு எடுத்துக்க.'

என் களப்பணியில் ஒருவர், ஐம்பது வயதைத் தாண்டியவர், சின்னத் தையல் பட்டறை வைத்திருப்பவர், அந்த ரிஸ்க் கேள்வியில் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். "மெஷின் லோன்ல நிக்குது, பட்டறை வாடகை, பொண்ணு காலேஜ்ல ரெண்டாவது வருஷம். நான் என்னத்த துணியிறது தம்பி?" என்று கேட்டுவிட்டு இரண்டில் வட்டம் போட்டார். என் கணினியில் அவர் 'குறைந்த இடர் மனப்பாங்கு' ஆகிவிட்டார். சொந்த நிலம் ஒரு செண்ட்கூட இல்லாமல், கந்துக்காரரிடம் முன்பணம் வாங்கி, பத்தாவது படித்துவிட்டுத் தொழில் தொடங்கியவர் அவர். என் கணக்கில் அவரைவிடப் பெரிய ரிஸ்க் எடுத்தவர் அந்தத் தெருவிலேயே கிடையாது. ஆனால் அதைக் கேட்கும் கேள்வி ஒன்பதில் ஒன்றுகூட இல்லை.

இங்கே நிலத்தைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. வங்கியில் கடன் கேட்டால் அடமானம் கேட்கிறார்கள். ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று 1892 முதல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. வேறு சாதியினருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுக்கப்பட்ட நிலம். அதில் பெரும்பகுதி யார் கைக்குப் போனது என்று ஊருக்கு ஊர் தெரியும். அந்த நிலத்தை மீட்கக் கேட்டு 1994இல் செங்கல்பட்டில் போராடியவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்து இரண்டு பேர் உயிரிழந்தார்கள். பஞ்சமி நிலத்தை நாம் வழக்கமாக விவசாயக் கோரிக்கையாகப் பேசுகிறோம். அது மூன்று தலைமுறையின் அடமானச் சொத்தும்கூட. அது கையில் இருந்திருந்தால் இன்று எத்தனை பேர் கேள்வித்தாளில் ஐந்தோ ஆறோ போட்டிருப்பார்கள்!

புத்தாக்கத்துக்கு வருவோம். புதிய பொருள், புதிய தொழில்நுட்பம், புதிய சந்தை என்றுதான் அளவுகோல் அதை எண்ணுகிறது. வட மாவட்டம் ஒன்றில் இட்லி மாவும் மசாலாப் பொடியும் தயாரித்து விற்கும் ஒரு அக்காவைச் சந்தித்தேன். உணவுப் பொட்டலத்தில் தயாரிப்பாளரின் முழு முகவரி அச்சிட வேண்டும் என்பது சட்டம். அவருடைய முகவரியில் காலனி என்று வருகிறது. முதல் மூன்று மாதம் கடைக்காரர்கள் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று சொல்லியிருக்கிறார்கள். பிறகு அவர் டவுனில் கடைத்தெருவுக்குப் பக்கத்தில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்து, கிரைண்டரை அங்கே மாற்றி, அந்த முகவரியில் உரிமம் வாங்கினார். மாவு மாறவில்லை, அரைக்கும் கை மாறவில்லை. இப்போது விற்கிறது.

கேள்வித்தாளின்படி இந்த அக்காவிடம் புத்தாக்கம் கிடையாது. கடந்த ஆண்டுகளில் புதிதாக ஒரு பொருளும் கொண்டுவரவில்லை. அவர் மாதாமாதம் கொடுக்கும் அந்த வாடகை, கணக்குப் புத்தகத்தில் 'வாடகை' என்றே இருக்கிறது. அது சாதி வரி. பக்கத்துத் தெருவில் அதே மாவை விற்கும் ஆதிக்க சாதிக்காரர் வீட்டிலேயே அரைக்கிறார், அந்தச் செலவு அவருக்கு இல்லை. பிறகு இருவரின் லாபத்தையும் ஒப்பிட்டு யாருடைய செயல்திறன் மேல் என்று கணக்கிடுகிறோம். மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றினால், 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டம்பாளையத்தை நினைத்துப் பாருங்கள். தலித் பெண் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள் என்று அரசுப் பள்ளியின் சத்துணவுக் கூடத்தை எதிர்த்து நின்றார்கள். அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கும் சோற்றுக்கே இந்தக் கதி. காசு கொடுத்து வாங்கும் மாவுக்கு எப்படி இருக்கும்?

புரட்சியாளர் அம்பேத்கரே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. கொலம்பியாவில் பொருளாதாரம் படித்துவிட்டு வந்து, பரோடாவில் தங்க இடம் கிடைக்காமல் வேலையை விட்டுப் பம்பாய் திரும்பிய பிறகு, பங்குச் சந்தையில் முதலீடு செய்பவர்களுக்கு ஆலோசனை சொல்லும் தொழில் ஒன்றை அவர் தொடங்கினார். அன்றைய பம்பாயில் அந்தப் படிப்போடு அந்த ஆலோசனையைச் சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஆலோசனை சொல்பவர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுவிட்டார்கள். தொழில் மூடப்பட்டது. கோவினின் அளவுகோலில் ஒன்பதுக்கும் ஏழு வாங்கியிருக்கக்கூடிய மனிதர் அவர்.

எண்களும் இதையேதான் சொல்கின்றன. 2005ஆம் ஆண்டின் பொருளாதாரக் கணக்கெடுப்பை வைத்து லட்சுமி ஐயர், தருண் கன்னா, அஷுதோஷ் வர்ஷ்னி ஆகியோர் செய்த ஆய்வில், மக்கள்தொகையில் 16.4 விழுக்காடு இருந்த பட்டியல் சாதியினரிடம் நாட்டின் தொழில் நிறுவனங்களில் 9.8 விழுக்காடே இருந்தது. மேலே போனால் இதுவும் கரைந்துவிடும். 1,000 பெரிய நிறுவனங்களின் இயக்குநர்களை ஆராய்ந்து 2012இல் வந்த கட்டுரையின்படி, அவர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேல் பார்ப்பனரும் வைசியரும் உள்ளிட்ட முற்பட்ட சாதியினர். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் சேர்ந்து 3.5 விழுக்காடு.

அரசு என்ன செய்கிறது? ஸ்டாண்ட் அப் இந்தியா 2016இல் வந்தது. நாட்டின் ஒவ்வொரு வங்கிக் கிளையும் குறைந்தது ஒரு பட்டியல் சாதியினருக்கோ பழங்குடியினருக்கோ, அதோடு ஒரு பெண்ணுக்கு, 10 லட்சம் முதல் 1 கோடி வரை கடன் தர வேண்டும் என்பது அதன் விதியாக இருந்தது. அறிவிக்கும்போது சொன்ன கணக்கு 1.25 லட்சம் கிளைகள். ஏழு ஆண்டு கழித்து 2023 மார்ச் நிலவரப்படி பட்டியல் சாதியினர் கணக்கு 26,889, பழங்குடியினர் கணக்கு 8,960. இரண்டையும் கூட்டினால் 35,849. ஏழு ஆண்டில், கிளைக்கு ஒருவர்கூட இல்லை, மூன்று கிளைக்கு ஒருவர்கூட இல்லை. ஒன்றிய அரசு நிறுவனங்கள் தங்கள் கொள்முதலில் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதி, பழங்குடியினரின் சிறுதொழில்களிடம் வாங்க வேண்டும் என்ற 2012ஆம் ஆண்டு ஆணையும் ஆண்டுகள் பல ஆகியும் இலக்கின் பக்கத்தில்கூட வரவில்லை. இதை மனப்பாங்குக் குறைவு என்று சொல்வதானால் வங்கி மேலாளர்களுக்கும் கொள்முதல் அதிகாரிகளுக்கும் அந்தக் கேள்வித்தாளைக் கொடுத்துப் பார்க்கலாம்.

தமிழ்நாடு அரசு 2023இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தை நான் வரவேற்கிறேன். மூலதனத்தில் 35 விழுக்காடு மானியம், வட்டியில் 6 விழுக்காடு தள்ளுபடி. இது யாரையும் உட்காரவைத்துத் தன்னம்பிக்கைப் பாடம் நடத்தவில்லை. தோற்றால் இழக்கப்போவதைக் குறைக்கிறது. மற்றவர்களுக்கு மாமனாரும் தோட்டமும் செய்வதை இங்கே அரசு கொஞ்சம் செய்கிறது. ஆனால் மீதிப் பணத்துக்கு அதே வங்கி மேலாளரின் மேசை முன்தான் போய் நிற்க வேண்டும்.

'முதலாளித்துவத்தில் நமக்கென்ன பங்கு? தலித் முதலாளி வந்தால் சாதி ஒழியுமா?' என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். ஒழியாது. முக்கியத் தொழில்களை அரசுடைமையாக்க வேண்டும் என்று 1947இல் எழுதியவர் அம்பேத்கர், அதை நான் மறக்கவில்லை. ஆனால் மாவு அரைக்கும் அக்கா அரசுடைமை வரும்வரை கிரைண்டரை நிறுத்திவைக்க முடியாது. கடை, பட்டறை, கான்ட்ராக்ட், ஏஜென்சி எல்லாவற்றையும் ஆதிக்க சாதிகளிடம் விட்டுவிட்டு அரசு வேலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த காலம், அரசு வேலையே சுருங்கும் இந்த நேரத்தில் எடுபடாது. கிராமத்தில் தேநீர்க்கடையும் மளிகைக்கடையும் யாருடையதோ, ஊர்விலக்கம் செய்யும் அதிகாரமும் அவரிடம்தான் இருக்கிறது.

இதையெல்லாம் சொன்னால், ஆய்வுக் குழுவில் "இது சமூகவியல், நம் துறை இல்லை" என்கிறார்கள். மாதிரிக்கு எடுக்கும் பட்டியலே தொழில் சங்கங்களின் உறுப்பினர் பட்டியல்தான். அதில் யார் இருப்பார்கள், யார் இருக்க மாட்டார்கள் என்று யாரும் கேட்பதில்லை. மூடிப்போன பட்டறைகள் எந்த மாதிரியிலும் வருவதில்லை. வயது, படிப்பு, அனுபவம் எல்லாம் கேட்கும் முதல் பக்கத்தில் சாதி மட்டும் கிடையாது.

என்னுடைய கேள்வித்தாளில் அந்தக் கட்டத்தைச் சேர்த்திருக்கிறேன். கூடவே நான்கு கேள்விகள்: முதல் கடன் யார் கொடுத்தது, அவர் உங்களுக்கு என்ன உறவு? சரக்கு கடனாகக் கிடைக்கிறதா, எத்தனை நாளைக்கு? தொழில் நொடித்தால் ஆறு மாதம் வீடு எப்படி ஓடும்? விற்பதற்காகப் பெயரையோ முகவரியையோ மாற்ற வேண்டியிருந்ததா? துறையில் இருக்கும் இளம் ஆய்வாளர்கள் தங்கள் மாவட்டத்தில் இவற்றையும் கேட்டுப் பாருங்கள். வங்கிகளிடமிருந்து நமக்கு வேண்டியதும் ஒன்று உண்டு. கொடுத்த கடனின் கணக்கை ஆண்டுதோறும் வெளியிடுகிறார்கள். கிளைவாரியாக, சாதிவாரியாக, எத்தனை விண்ணப்பங்களை என்ன காரணம் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள் என்ற கணக்கையும் வெளியிடட்டும்.