ஓனர் மாறினா 10 மாறுமா?

இன்னிக்கு த்ரெட் மருத்துவம் இல்லீங்க. ஆனா ரிப்போர்ட் பத்தினதுதான். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

அமெரிக்காவுல இருக்கிற அக்கா பையன் நேத்து போன்ல கேட்டான். "மாமா, பி.எஸ்.ஏ.வோட ஓனர் மாறிட்டாங்களே, நான் வாங்கப்போற 10 நாளைக்கும் 10தானா?" லீவுல வேலை பார்த்துச் சேர்த்த காசு மொத்தத்தையும் ஒரே ஒரு பேஸ்பால் கார்டுல போடப் போறானாம். அதனாலதான் உக்காந்து படிச்சேன்.

தெரியாதவங்களுக்கு: விளையாட்டு வீரர் கார்டு, போகிமான் கார்டு சேகரிக்கிறவங்க அதை பி.எஸ்.ஏ. மாதிரி கம்பெனிக்கு அனுப்புவாங்க. அவங்க மூலை, ஓரம், மேற்பரப்பு, படம் நடுவுல உக்காந்திருக்கான்னு பார்த்து 1 முதல் 10 வரை மார்க் போட்டு, பிளாஸ்டிக் உறைக்குள்ள சீல் வெச்சுத் திருப்பி அனுப்புவாங்க. பல கார்டுகள்ல 9க்கும் 10க்கும் நடுவுல விலை பல மடங்கு தாவும். நம்ம கண்ணுக்குப் பெரும்பாலும் வித்தியாசமே தெரியாது.

டாக்டர் பாஷையில சொன்னா இது பயாப்ஸி கிரேடிங். ஒரே ஸ்லைடை ரெண்டு பேத்தாலஜிஸ்ட் பார்த்தா சில நேரம் ரெண்டு கிரேடு வரும். அதே ஆள் ஆறு மாசம் கழிச்சுப் பார்த்தாலும் மாறலாம். அதைப் பிடிக்கத்தான் நல்ல லேப்ல உள்ளுக்குள்ள ஒரு சோதனை, வெளி லேபோட ஒரு ஒப்பீடுன்னு வெச்சிருக்கோம். கார்டு வாங்குறவன் கையில வர்றது ஒரு லேபிள். அதுல எந்தத் தேதியில மார்க் போட்டாங்கன்னுகூட இருக்காது.

பி.எஸ்.ஏ. 1991ல டேவிட் ஹால் ஆரம்பிச்சது. தாய்க் கம்பெனி கலெக்டர்ஸ் யுனிவர்ஸ் பங்குச்சந்தையில இருந்துச்சு. 2021 பிப்ரவரியில நாட் டர்னர் தலைமையிலான முதலீட்டாளர் குழு சுமார் 85 கோடி டாலருக்கு வாங்கிடுச்சு. ஜோ ஓர்லாண்டோ இருந்த தலைமை நாற்காலிக்கு டர்னரே வந்தார். கேன்சர் டாக்டர்களுக்கு இவர் பேர் தெரிஞ்சிருக்கும். நோயாளி டேட்டாவை வெச்சு ஃபிளாட்டயர்ன் ஹெல்த் கம்பெனியை ஆரம்பிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தர். 2018ல அதை ரோஷ் வாங்குச்சு. மனுஷன் கார்டு பைத்தியமும்கூட.

வாங்கின அடுத்த மாசமே பெரும்பாலான சர்வீஸை நிறுத்திட்டாங்க. கோவிட் நேரம், கார்டு மலையா குவிஞ்சு கிடந்துச்சு. ஜனங்க திட்டினாங்க. என்னைக் கேட்டா அது சரியான முடிவு. ஓ.பி.யில 400 பேர் நிக்கும்போது ஆளுக்கு அரை நிமிஷம் பார்க்கிறதை விட டோக்கன் கொடுக்கிறதை நிறுத்துறது மேல். கட்டணம் ஏறினதும் கடுப்புதான், ஆனா அது வெளியில தெரியுற வலி.

எனக்குப் பயம் வேற இடத்துல. பங்குச்சந்தையில இருந்தவரைக்கும், தப்பான மார்க்குக்கு நஷ்டஈடு கொடுக்க எவ்வளவு ஒதுக்கி வெச்சிருக்காங்கன்னு ஆண்டறிக்கையில பார்க்கலாம். தனியார் கைக்குப் போனதும் அந்த ஜன்னல் மூடிடுச்சு.

அதே 2021ல கோல்டின் ஏல நிறுவனத்தையும் வாங்கினாங்க. மார்க் போடுறவனும், அந்த மார்க்கைச் சொல்லி ஏலம் விடுறவனும் ஒரே வீடு! ஸ்கேன் சென்டரும் ஆபரேஷன் தியேட்டரும் ஒரே ஓனர்னா நீங்க எப்படி முழிப்பீங்க? 2024ல கோல்டினை ஈபேகிட்ட வித்துட்டாங்க, நல்ல விஷயம். ஆனா அதே வருஷம் போட்டிக் கம்பெனி எஸ்.ஜி.சி.யை வாங்கிட்டாங்க. செகண்ட் ஒப்பீனியன் கேக்கப் போற கிளினிக்கும் இப்ப அவங்களுதே.

பழைய ஆளுங்க காலம் பொற்காலம்னு சொல்லல. பி.எஸ்.ஏ. முதன்முதலா மார்க் போட்ட கார்டு 1909 காலத்து ஹோனஸ் வாக்னர். 8 கொடுத்தாங்க. அதோட ஓரத்தை வெட்டினது நான்தான்னு பில் மாஸ்ட்ரோ 2013ல கோர்ட்ல ஒத்துக்கிட்டார். ஓரம் வெட்டின கார்டுக்கு மார்க்கே கிடையாதுங்கிறதுதான் அவங்க விதி. அதனால ஆளு யாருங்கிறதை விட, தப்பைச் சரிபார்க்க வெளியில ஒருத்தன் இருக்கானான்னுதான் நான் பார்ப்பேன்.

பையன்கிட்ட சொன்னேன்: "10ஐ விடு. அதே கார்டுல நல்ல 9 ஒண்ணு தேடு. லைட்டும் லென்ஸும் வெச்சு நீயே நாலு மூலையையும் பாரு. மீதிக் காசு பேங்க்ல கிடக்கட்டும்."

"9ன்னா ஃப்ரெண்ட்ஸ் சிரிப்பாங்க மாமா."

சிரிக்கட்டும்டான்னேன். சனிக்கிழமை வரைக்கும் யோசிக்கிறானாம்.