மழைக்கணக்கு பிரட்டுக்களத்துக்கு வரட்டும்

நம் தோட்டங்களுக்கு ஆராய்ச்சிக்காரர்கள் வருவது புதிதில்லை. மண் எடுத்துப் போவார்கள், கொழுந்து எடுத்துப் போவார்கள், பிள்ளைமடுவத்துக்குப் போய்ப் பிள்ளைகளின் உயரத்தையும் நிறையையும் அளந்து போவார்கள். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு நாமும் மலைக்குப் போய்விடுவோம். என்ன கண்டுபிடித்தோம் என்று திரும்பி வந்து சொன்னவர்கள் மிகக் குறைவு. நாமும் கேட்டதில்லை என்பதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இந்த முறை கேட்டோம்.

பதுளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், கோயிலுக்கும் மேட்டு லயத்துக்கும் நடுவில் நிலம் வெடித்திருந்தது. விரல் நுழையும் அகலம். மழைக்காலம் என்பதால் தலைவரும் மாதர் சங்கத் தலைவியும் கிராம உத்தியோகத்தரிடம் சொல்ல, சில நாட்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். ஒருவர் புவிச்சரிதவியலாளர், சிங்களவர். மற்றவர் தமிழ் தெரிந்த இளைஞர். அளந்தார்கள், படம் எடுத்தார்கள், எழுதினார்கள். வழக்கம்போல ஜீப்பில் ஏறப் போனவர்களைத் தலைவர் விடவில்லை. "மாத்தயா, ஒரு பிளேன்டீ குடிச்சிட்டுப் போங்க" என்று கோயில் மண்டபத்தில் உட்கார வைத்துவிட்டார். சங்கத்திலிருந்து போயிருந்த நாமும், லயத்து ஆட்கள் முப்பது நாற்பது பேரும் சுற்றி உட்கார்ந்தோம். ஒன்றரை மணித்தியாலம் பேச்சு நடந்தது.

முதல் கேள்வியை ஒரு அம்மா கேட்டார். "இந்த லயம் விழுமா, விழாதா? அதை மட்டும் சொல்லுங்க."

அவர் சுற்றி வளைக்கவில்லை. எந்த நாள் விழும் என்று தன்னால் மட்டுமில்லை, யாராலும் சொல்ல முடியாது என்றார். எந்த இடம் சரியக்கூடியது, எவ்வளவு மழை பெய்தால் ஆபத்து என்ற இரண்டையும்தான் சொல்ல முடியுமாம். 1986 ஜனவரியில் மலையகத்தில் பெரிய மண்சரிவுகள் நடந்த பிறகுதான் இந்த வேலையை நாடு பாரதூரமாக எடுத்தது. 1990இல் ஆபத்து வலய வரைபடம் தயாரிக்கத் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டங்கள் பதுளையும் நுவரெலியாவும்தான். சாய்வு எவ்வளவு, அடியில் என்ன பாறை, மேலே எவ்வளவு தடிப்பில் மண், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, நிலத்தின் அமைப்பு எப்படி, அந்த நிலத்தில் என்ன செய்கிறோம் என்று ஒவ்வொன்றையும் பார்த்து இடத்துக்கு இடம் நிறம் போடுகிறார்கள். நம் லயங்கள் எந்த நிறத்தில் இருக்கின்றன என்பது முப்பது வருடத்துக்கு மேலாக ஒரு தாளில் இருக்கிறது. அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் அந்தத் தாளைக் கண்டவர் ஒருவரும் இல்லை.

பிறகு மழைக் கணக்கைப் பற்றிச் சொன்னார். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் மஞ்சள்: விழிப்பாக இருக்க வேண்டும். 100 தாண்டினால் செம்மஞ்சள்: புறப்படத் தயாராக இருக்க வேண்டும். 150 தாண்டினாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினாலோ சிவப்பு. அப்போது இருக்கக் கூடாது, வெளியேற வேண்டும். ரேடியோவில் "முதலாம் கட்டம், இரண்டாம் கட்டம், மூன்றாம் கட்டம்" என்று வாசிப்பது இதைத்தான். இத்தனை வருடம் அதைக் கேட்டிருக்கிறோம். கட்டம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

மில்லிமீற்றர் என்றால் எவ்வளவு என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. ஒரு சதுர மீற்றர் இடத்தில் ஒரு லீற்றர் தண்ணீர் விழுந்தால் அது ஒரு மில்லிமீற்றர். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா ஒன்றின் கூரையில் 150 மில்லிமீற்றர் பெய்தால் 1,600 லீற்றருக்கு மேல் வரும். பெரிய பீப்பாய் எட்டு நிறையும். ஒரு காம்பராவுக்கே இவ்வளவு. லயத்துக்கு மேலே இருக்கிற முழு மலைக்கும் எவ்வளவு என்று நாமே கணக்குப் பார்க்கலாம். அந்தத் தண்ணீரில் கானில் ஓடாதது எல்லாம் மண்ணுக்குள் இறங்குகிறது.

கான் என்ற சொல்லைக் கேட்டதும் பின்னால் இருந்த ஒரு தாத்தா எழுந்தார். பென்சன் எடுத்துப் பல வருடமாகிறது, காலமெல்லாம் கான் வெட்டியவர். மேலே மூன்று பெரிய கான்கள் இருப்பதையும், அந்தக் காலத்தில் மழைக்கு முன்னால் வருடம் தவறாமல் அவற்றைத் துப்புரவாக்கியதையும் சொன்னார். இப்போது ஆள் போடுவதில்லை, நடுக் கான் மூடிப்போய் அதன்மேல் காடு வளர்ந்து நிற்கிறது என்றார். புவிச்சரிதவியலாளர் பிளேன்டீயைக் கீழே வைத்துவிட்டுக் குறிப்புப் புத்தகத்தைத் திரும்பவும் எடுத்தார். இடத்தைக் காட்டச் சொல்லித் தாத்தாவோடு மலையேறினார். வெடிப்புக்கு நேர் மேலே இருந்தது அந்த மூடிய கான். அதை அவர் முதலில் பார்க்கவில்லை, தேயிலைக்குள் மறைந்திருந்தது. நாற்பது வருடம் அந்த மண்ணை வெட்டியவருக்குத் தெரிந்தது கருவியோடு வந்தவருக்குத் தெரியாமல் போனதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவரும் வெட்கப்படவில்லை. ஆனால் பிளேன்டீ கொடுக்காமல் அனுப்பியிருந்தால் அந்த அறிக்கையில் கான் இருந்திருக்காது.

இறங்கி வந்து அவர் கேட்ட கேள்விதான் நம்மை எழுத வைத்தது. "உங்கள் தோட்டத்தில் மழைமானி இல்லையா?"

இருக்கிறது. ஒபிசுக்கு முன்னால், பூமரத்துக்குப் பக்கத்தில், பித்தளையில். நம் தோட்டங்களில் அனேகமாக எல்லா ஒபிசிலும் ஒன்று இருக்கும், வெள்ளைக்காரத் துரை காலத்திலிருந்து. தினமும் காலையில் அளந்து புத்தகத்தில் எழுதுகிறார்கள். உரம் எப்போது போடுவது, மருந்து எப்போது அடிப்பது என்று பார்க்க அந்தக் கணக்கு வேண்டும். ஆக, நேற்றிரவு எத்தனை மில்லிமீற்றர் பெய்தது என்று தினமும் காலையில் தோட்டத்தில் ஒருவருக்குத் தெரிகிறது. சரிவுக்குக் கீழே படுத்துத் தூங்கியவருக்குத் தெரியாது. பிரட்டுக்களத்தில் எந்த மலை, எத்தனை கிலோ என்று சொல்கிறார்கள். மழை எவ்வளவு என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

கொஸ்லாந்தை மீரியபெத்தையை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2014 ஒக்டோபர் 29, காலை நேரம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு மலை இறங்கி லயங்களை மூடியது. திரும்பி வந்த பிள்ளைகளில் சிலருக்கு வீடும் இல்லை, தாய் தகப்பனும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது என்ற செய்தி பிறகுதான் வெளியே வந்தது. விஞ்ஞானிகள் தங்கள் வேலையைச் செய்திருந்தார்கள். சொன்னோம், அவர்கள் போகவில்லை என்றது ஒரு பக்கம். எங்களிடம் யாரும் சரியாகச் சொல்லவில்லை என்றது இன்னொரு பக்கம். உயிர் தப்பியவர்களுக்குப் புது வீடு கிடைக்க இரண்டு வருடம் சென்றது.

"அவர்கள் போகவில்லை" என்ற பேச்சை நாம் அப்படியே விட முடியாது. எங்கே போவது? லயம் நம்முடையதில்லை, நிலம் நம்முடையதில்லை, கையில் உறுதி இல்லை. கிராமத்தில் உள்ளவர் மாமன் வீட்டுக் காணியில் ஒரு கொட்டிலாவது போடுவார். நமக்கு மாமன் வீடும் பக்கத்து லயம்தான். கோயிலிலோ பள்ளிக்கூடத்திலோ இரண்டு இரவு இருந்தால் இரண்டு நாள் பேர் போகிறது. மஞ்சள் அறிவித்தலுக்கு மூட்டை கட்டிய குடும்பம், மழை விட்ட மறுநாள் லயத்துக்குத் திரும்புவது அறியாமையால் இல்லை. சம்பள நாள் வருகிறது என்பதால்தான்.

ஆனாலும் நம் பக்கத்திலும் பிழை இருக்கிறது. வெடிப்பைச் சீமெந்து பூசி மறைத்த வீடுகளை நாம் பார்த்திருக்கிறோம். சொன்னால் லயத்தை விட்டு எழுப்பிவிடுவார்கள் என்ற பயம். கதவு திடீரென்று இறுகுவது, மரம் சாய்வது, பீலித் தண்ணீர் கலங்கி வருவது, ஊற்று சட்டென்று வற்றுவது, இல்லாத இடத்தில் புது ஊற்று கிளம்புவது, இவையெல்லாம் மலை நகர்வதற்கான அடையாளம் என்று அந்த அதிகாரி ஒவ்வொன்றாகச் சொன்னபோது, "எங்க வீட்டிலயும் கதவு இறுகுது" என்று மூன்று பேர் மெதுவாகச் சொன்னார்கள். அதுவரை வாய் திறக்காதவர்கள்.

ஆராய்ச்சி எல்லாம் அலுமாரிக்குத்தான் போகிறது என்று சலித்துக்கொள்பவர்களும் நம்மில் இருக்கிறார்கள். அது முழு உண்மையில்லை. பூச்சி மருந்து, களை மருந்து குடித்து இந்த நாட்டில் எத்தனை உயிர் போனது என்று நமக்குத் தெரியும், நம் லயங்களிலும் போனது. அனுராதபுரம், பொலன்னறுவை ஆஸ்பத்திரிகளில் வைத்தியர்களும் ஆராய்ச்சியாளர்களும் வருடக்கணக்காக உட்கார்ந்து, எந்த மருந்துகளால் ஆட்கள் அதிகம் இறக்கிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். கொடிய மருந்துகள் ஒவ்வொன்றாகத் தடை செய்யப்பட்டன. நம் ஆட்கள் முதுகில் சுமந்து அடித்த பரக்குவாட்டும் 2008இலிருந்து படிப்படியாக நிறுத்தப்பட்டது. 1995க்கும் 2005க்கும் இடையில் மட்டும் நாட்டின் தற்கொலை வீதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. கணக்கு அதிகாரத்தின் காதுக்குப் போனது, அதிகாரமும் கேட்டது. கேட்காத கதையும் உண்டு. 2021இல் ஒரே இரவில் இரசாயன உரத்தை நிறுத்தினார்கள். விவசாய விஞ்ஞானிகள் வேண்டாம் என்றார்கள். அதே வருடம் நவம்பரில் தடையை எடுக்க வேண்டி வந்தது. இடையில் கொழுந்து குறைந்தது. நமக்குத் தெரிந்த தோட்டங்களில் கிலோக் கணக்கு மட்டும் குறையவில்லை.

தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் 1925இல் தொடங்கியது. எந்தக் கன்று அதிகம் கொழுந்து தரும், எந்தப் பூச்சியை எப்படி அடக்குவது என்று அங்கே செய்த வேலைதான் இந்தத் தொழிலைக் காப்பாற்றியது, அதில் நமக்குச் சந்தேகமில்லை. அந்தக் கூடையைச் சுமக்கிற தோள் பற்றியும் அவர்களிடம் ஒரு நாள் பேச வேண்டும். அதை இன்னொரு இதழுக்கு வைப்போம்.

இப்போது நாம் கேட்பது பெரிய செலவில்லாத காரியம். ஒபிசில் எழுதும் மழைக்கணக்கைத் தினமும் காலையில் பிரட்டுக்களத்தில் ஒரு பலகையில் சோக்கால் எழுதட்டும். 75 தாண்டினால் கோயில் மணி அடிக்க ஆள் நாம் போடுகிறோம். நம் லயங்களைப் பற்றி எழுதும் அறிக்கையின் பிரதி தமிழில் தலைவர் கைக்கும் வரவேண்டும், நிர்வாகத்தோடும் பிரதேச செயலகத்தோடும் நிற்கக் கூடாது. வெளியேறச் சொன்ன நாளுக்குப் பேர் போட வேண்டும். இதில்தான் நிர்வாகம் இழுக்கும் என்று தெரியும், அதனால் இதைக் கூட்டு ஒப்பந்தப் பேச்சில் வைக்க வேண்டும் என்பது நம் கருத்து. வீட்டுக்குக் காணி கொடுக்கும்போது முதலில் மண்ணைப் பார்த்த பிறகு கொடுக்க வேண்டும். ஒரு சரிவிலிருந்து எழுப்பி இன்னொரு சரிவில் குடிவைத்தால் அது வீடமைப்பு ஆகாது.

அந்தத் தோட்டத்துக்கு அறிக்கை வந்துவிட்டது. நடுக் கானைத் திறக்க வேண்டும் என்றும், மேட்டு லயத்து எட்டுக் குடும்பங்களை மாற்ற வேண்டும் என்றும் இருக்கிறது. கானுக்கு ஆள் போட்டார்கள். குடும்பங்களுக்கு இடம் இன்னும் காட்டவில்லை. பலகை கேட்டு நாம் எழுதிய கடிதத்துக்கும் பதில் இல்லை.

பையன்கள் காத்திருக்கவில்லை. பக்கம் நேராக உள்ள பெரிய பிளாஸ்டிக் போத்தலின் மேல்பகுதியை வெட்டிப் புனல்போலக் கவிழ்த்து, அடியில் கூழாங்கல் போட்டு, கல் மூடும்வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைப் பூச்சியமாக வைத்து அடிமட்டம் ஒட்டியிருக்கிறார்கள். கூரையும் மரமும் இல்லாத வெட்டையில், கோயில் வாசலில் நிற்கிறது. எந்த லயத்திலும் அரை மணித்தியாலத்தில் செய்யலாம். தினமும் ஒரே நேரத்தில் பார்த்து, எழுதி, பூச்சியம்வரை கொட்டிவிட வேண்டும். அதிகாரி தன் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்துப் போயிருக்கிறார், கணக்கை அனுப்பச் சொல்லியிருக்கிறார். வெடிப்போ கலங்கல் தண்ணீரோ கண்டால் 75 வரும்வரை பார்த்திருக்க வேண்டாம் என்றும் சொன்னார். தாத்தாதான் காலையில் பார்க்கிறார், எழுதுவது அவருடைய பேத்தி. போன செவ்வாய்க்கிழமை 42 மில்லிமீற்றர்.