கைப்பேசியைப் பிடுங்கும் கை

சமூக ஊடகம் நல்லதா கெட்டதா என்று கல்லூரி மாணவர்களிடம் கேட்டு ஆய்வேடு எழுதுகிறார்கள். ஆணுக்கு ஒரு கட்டம், பெண்ணுக்கு ஒரு கட்டம். அவன் 'வசதி' என்பான், அவள் 'பயம்' என்பாள். பெண் என்றாலே பயந்த சுபாவம் என்று முடித்துவிட்டால் வேலை சுளுவு. ஆனால் சாதியைத் தொடாமல் கொங்கு மண்ணில் இந்தப் பயத்தை அளந்துவிட முடியுமா?

2015 ஜூன். ஓமலூர் கோகுல்ராஜ், பொறியியல் படித்த தலித் இளைஞர். திருச்செங்கோடு மலைக்கோயிலில் கவுண்டர் சாதித் தோழியோடு பேசிக்கொண்டிருந்ததற்காகக் கடத்தப்பட்டார். மறுநாள் தண்டவாளத்தில் பிணம். சாகும் முன், தற்கொலை செய்துகொள்வதாகப் பேச வைத்துப் படம் பிடித்திருந்தார்கள். முதல் குற்றவாளி யுவராஜ், தலைமறைவாக இருந்துகொண்டே வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினார். கேட்டுப் பரப்ப ஒரு கூட்டமும் இருந்தது. 2022 மார்ச்சில் ஆயுள் தண்டனை. 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்தப் பெண்? கோயில் கேமராப் படத்தில் இருப்பது தானே இல்லை என்றார் நீதிமன்றத்தில். தன் உருவத்தையே தனதல்ல என்று சொல்லும் நிலைமை ஒரு பெண்ணுக்கு எப்படி வருகிறது?

2019, பொள்ளாச்சி. பெண்களைப் பழகி அழைத்துப்போய், வன்கொடுமை செய்து, படமெடுத்து மிரட்டியது ஒரு கும்பல். புகார் தந்த மாணவியின் பெயரை மாவட்டக் காவல்துறை அதிகாரியே பத்திரிகைகளிடம் சொன்னார். அரசாணையிலும் பெயர் அச்சானது. 2025 மே 13இல் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை என்று கோவை மகளிர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊர் சொன்ன தீர்ப்பு வேறு: "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குங்க போனு?" பையனுக்கு எதுக்குங்க போனு என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

மிரட்டுகிறவனுக்கு முதலீடு அந்தப் படம் மட்டுமல்ல. விஷயம் தெரிந்தால் வீடு முதலில் போனைப் பிடுங்கும், அப்புறம் படிப்பை நிறுத்தும், அவசரமாகச் சொந்தத்தில் கட்டிக்கொடுக்கும் என்று அவனுக்குத் தெரியும். அகமணம்தான் சாதியின் உயிர், பெண்ணைக் கட்டுப்படுத்தாமல் அது நிற்காது என்று 1916லேயே காட்டினார் அண்ணல். அன்றைக்கு வாசற்படி, இன்றைக்குக் கைப்பேசித் திரை. இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்தியவர்கள் இந்தியாவில் ஆண்களில் 57 சதம், பெண்களில் 33 சதம் என்றது 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. இது வெறும் காசுக் கணக்கல்ல, காவல் கணக்கும்தான்.

நம் பக்கமும் பார்ப்போம் தோழர்களே. முகப்புப் படத்தில் அம்பேத்கர். வீட்டில் தங்கச்சியின் போனை நோண்டுகிற அண்ணன். இயக்கக் குழுவில் இருநூறு பேர். பேசுகிற பெண் ஒருத்தி, அவளுக்கும் ராத்திரி தனிச்செய்தியில் தொல்லை. ஆதிக்கசாதி ஆணின் கண்காணிப்பை எதிர்த்துக்கொண்டே அதே கண்காணிப்பை நம் தெருவில் நடத்துவது விடுதலை அரசியல் ஆகாது.

ஒரு பெண் மிரட்டப்பட்டால், "போனை அணைச்சு வை" என்று சொல்லாதீர்கள். ஆதாரத்தை அழிக்காமல், பெயர் வெளியே போகாமல் புகார் கொடுக்கக் கூடப் போங்கள். படிப்பு நிற்காது என்று வீட்டிடம் வாக்கு வாங்குங்கள். அவள் பயம் அவள் சுபாவமல்ல. நாம் வாழ்கிற ஊரின் சுபாவம். மாற வேண்டியது ஊர்.