விடுதலை தந்தவரின் இன்னொரு கையெழுத்து

சோபியாவில் நாடாளுமன்றத்துக்கு எதிரே குதிரை மீது ஒரு ரஷ்யப் பேரரசர் அமர்ந்திருக்கிறார். இரண்டாம் அலெக்சாந்தர். பல்கேரியர்களுக்கு அவர் 'விடுதலை தந்த ஜார்'. 1877-78 போரில் துருக்கியரை விரட்டியது அவருடைய படை. அதே ஜார் 1876 மே மாதம் ஜெர்மனியின் எம்ஸ் நகரில் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். உக்ரேனிய மொழிப் புத்தகங்களைக் கொண்டுவரத் தடை, நாடகம் போடத் தடை, மொழிபெயர்ப்புகளுக்கும் தடை. (எங்கள் தொழிலைக்கூட விடவில்லை!)

ஜார் தான் விடுவித்த நாட்டைத் தன்னிடமே வைத்துக்கொண்டிருந்தால்?

வாய்ப்பு குறைவுதான். நடுவில் ருமேனியா இருந்தது. அதையும் சேர்த்து விழுங்க வேண்டும். பிரிட்டனும் ஆஸ்திரியாவும் சும்மா இருந்திருக்காது. ஆனால் 1878 மார்ச்சில் சான் ஸ்தெஃபனோ உடன்படிக்கை, 50,000 ரஷ்யச் சிப்பாய்கள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அங்கே தங்க இடம் தந்தது. சில மாதங்களில் கூடிய பெர்லின் மாநாடு அதை ஒன்பது மாதங்களாகக் குறைத்தது, பல்கேரியாவையும் துண்டாடியது. பல்கேரியர்கள் மார்ச் 3ஐத் தேசிய விழாவாகக் கொண்டாடுகிறார்கள், பெர்லினை நொந்துகொள்கிறார்கள். விருந்தாளி கிளம்ப வேண்டிய தேதியைக் குறித்துக் கொடுத்தது பெர்லின்தான் என்பதை யாரும் நினைப்பதில்லை.

ஒரே மதம் என்பது காப்பாற்றியிருக்குமா? ஜார்ஜியாவைக் கேட்க வேண்டும். 1783ல் ரஷ்யாவிடம் பாதுகாப்பு கேட்டது. 1801ல் நாடு போயிற்று, 1811ல் அதன் திருச்சபையின் சுதந்திரமும் போயிற்று.

மொழியின் கதி இன்னும் சுவாரசியம். ரஷ்யர்களின் வழிபாட்டு மொழியும் எழுத்தும் பழைய பல்கேரியாவிலிருந்து போனவை. ஆனால் பேச்சுப் பல்கேரியம் வேற்றுமை உருபுகளைப் பெரும்பாலும் உதிர்த்துவிட்ட மொழி. ரஷ்யனில் ஆறு வேற்றுமைகள். பீட்டர்ஸ்பர்க் அதிகாரி ஒருவருக்கு இது போதும். 'கெட்டுப்போன வட்டார வழக்கு' என்று எழுதிப் பள்ளிக்கூடத்தைப் பூட்டியிருப்பார். உக்ரேனியத்தை அவர்கள் 'சிறு ரஷ்ய வழக்கு' என்றுதான் அழைத்தார்கள். துருக்கியர் ஆட்சியைச் சித்திரிக்கும் இவான் வாசோவின் 'நுகத்தடியின் கீழ்' நாவல் ரஷ்ய நகரமான ஒதேஸாவில் எழுதப்பட்டது. சோபியாவும் ஜாரிடம் இருந்திருந்தால் அது எங்கே அச்சாகியிருக்கும்? அன்றைய உக்ரேனிய நூல்களைப் போல ஆஸ்திரியாவின் லெம்பெர்க்கில்தான்.

இது முழுக்கக் கற்பனையும் அல்ல. துருக்கிய ஆட்சியிலிருந்து தப்பி ரஷ்யாவின் பெஸ்ஸரேபியாவில் குடியேறிய பல்கேரியர்கள் 1821ல் போல்கிராத் நகரை அமைத்தார்கள். நிலமும் சலுகைகளும் கிடைத்தன. ஆனால் பல்கேரிய மொழியில் உயர்நிலைப் பள்ளி தொடங்கியது 1858ல், அந்தப் பகுதி ரஷ்யாவின் கையை விட்டு மால்டேவியாவிடம் இருந்தபோது. 1878ல் ஊர் மறுபடி ஜாரிடம் வந்தது. பள்ளியில் பாடம் ரஷ்ய மொழிக்கு மாறியது. பல்கேரியா விடுதலையான அதே ஆண்டு!

சுதந்திர பல்கேரியாவையும் ரஷ்யா எளிதில் விடவில்லை. 1882-83ல் ரஷ்யத் தளபதி ஒருவரே பிரதமர். 1885ல் பிரிந்த பகுதி மீண்டும் இணைந்தபோது மூன்றாம் அலெக்சாந்தர் கோபித்துக்கொண்டு தன் அதிகாரிகளைத் திரும்ப அழைத்துக்கொண்டார். மறு ஆண்டு ரஷ்ய ஆதரவு அதிகாரிகள் மன்னரையே கடத்திப் பதவி விலக வைத்தார்கள்.

ஜார்கள் கேட்டும் கிடைக்காததைக் கேட்காமலே தர முன்வந்தவர் தோதோர் ஷிவ்கோவ். பல்கேரியா சோவியத் யூனியனுடன் படிப்படியாக ஒன்றாகிவிடும் யோசனைக்கு 1963 டிசம்பரில் அவருடைய கட்சியின் மத்தியக் குழு ஒப்புதல் தந்தது. மாஸ்கோ எடுத்துக்கொள்ளவில்லை.