எண்பது நாளை எழுதுவது யார்?

கருவுற்ற பெண்ணை வேலையினின்று நீக்குதல் குற்றம் என்று சட்டம் சொல்லுகின்றது. போடி மலையடிவாரத்தில் எவரும் அவளை நீக்க வேண்டியதே இல்லை. மறுநாள் விடியலில் வண்டிக்கு அழைக்காமல் விட்டுவிட்டால் போதும். நாட்கூலிக்கு ஒவ்வொரு நாளும் புது வேலை. ஆகையால் ஒவ்வொரு நாளும் அவள் ஓசையின்றி நீக்கப்படலாம். நீக்கியவன் எவன் என்று கேட்டால், கங்காணி தோட்டக்காரனைக் காட்டுவான். தோட்டக்காரன் கங்காணியைக் காட்டுவான். வண்டி ஓட்டுநன் தனக்கு ஒன்றும் தெரியாது என்பான்.

போடிநாயக்கனூரிலும் தேவாரத்திலும் கம்பத்திலும் இருந்து நாள்தோறும் இருள் பிரியுமுன் சீப் வண்டிகள் மலையேறுகின்றன. பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று பரந்து கிடக்கும் ஏலத்தோட்டங்களுக்கு அவை ஏற்றிச் செல்வது பெரும்பாலும் தமிழ்ப்பெண்களை. ஏலக்காய் கிளையில் தொங்குவதன்று. செடியின் அடியில் மண்ணையொட்டிக் கிடக்கும் சரத்தில் காய்ப்பது. குனிந்தும் குந்தியும் ஈரத்தில் நகர்ந்தும் பறிக்க வேண்டும். அந்தச் செடிக்கு அடிக்கின்ற பூச்சிக்கொல்லி நஞ்சோ கொஞ்சமன்று. வயிற்றில் பிள்ளையைச் சுமப்பவள் இவ்வளவுக்கும் ஈடுகொடுத்த பிறகும் கேட்கின்றோம்: அவளுக்கு மகப்பேற்று உரிமை உண்டா?

தாளில் உண்டு. 1961-ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டம் தோட்டங்களையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. 2017-இல் ஊதியத்தோடு கூடிய விடுப்பு 26 கிழமையாக உயர்ந்தது. 2025 நவம்பர் 21 முதல் அச்சட்டம் குமுகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் அடங்கிவிட்டது. எது மாறினும் ஒரு கதவு மட்டும் இன்றும் நிற்கின்றது: பேறு எதிர்நோக்கும் நாளுக்கு முந்திய 12 திங்களில் 80 நாள் அவள் வேலை செய்திருக்க வேண்டும்.

எண்பது நாள்தானே என்பார் நகரத்தார். எண்ணிப் பாருங்கள். சித்திரையில் பிள்ளை பெறுகின்ற ஒருத்திக்குக் கணக்கு முந்திய சித்திரையில் தொடங்கும். ஆடிவரை களையெடுப்பு, அதுவும் சில நாளே. காயெடுப்பு ஆவணியில் சூடு பிடிக்கும். அவள் அப்போதே கருவுற்றிருப்பாள். கார்த்திகையில் வயிறு தெரியும். அத்தோடு கங்காணி கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டால், அவள் கையில் இருப்பது ஆவணி, புரட்டாசி, ஐப்பசி என்னும் மூன்றே திங்கள். அதில் மழைநாளைக் கழியுங்கள், ஞாயிற்றைக் கழியுங்கள். அந்த மூன்று திங்களும் ஒரே தோட்டத்தில் கழிந்தனவா? ஒரு தோட்டத்தில் இருபது நாள், இன்னொன்றில் பதினைந்து. எந்தத் தோட்டக்காரனும் தன் ஏட்டில் எண்பதைக் காட்டமாட்டான். ஏடே இல்லாதவர் பலர். 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமோ 5 எக்டேரும் 15 ஆளும் இருந்தால்தான் தோட்டம் என்றது. அதனிற் சிறியது சட்டத்தின் கண்ணுக்குத் தோட்டமே அன்று! அங்கே முறிகின்ற இடுப்பு மட்டும் இடுப்புத்தான்.

முறைமன்றம் இருக்கின்றதே என்பீர்கள். கோவை மாவட்டத்து மலைத்தோட்டம் ஒன்றில் 1967-இல் ஒரு தொழிலாளி பிள்ளை பெற்றாள். பன்னிரண்டு கிழமைக்கு உரிய தொகையில் பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்துக்கொண்டு 72 நாளுக்கே தந்தனர். ஞாயிறும் சேர்த்து 84 நாள் என்று அவள் கேட்டாள். வழக்கு உச்ச முறைமன்றம் வரை போயிற்று. 1977-இல் அவள் பக்கமே தீர்ப்பாயிற்று. பன்னிரண்டு நாட்கூலிக்குப் பத்தாண்டு! 1981-இல் வானூர்திப் பணிப்பெண்களை முதற் கருவுறுதலோடு வெளியேற்றிய ஏர் இந்தியாவின் விதி அதே மன்றத்தில் வீழ்ந்தது. 2000 மார்ச்சு 8-இல், தில்லி மாநகராட்சியின் நாட்கூலிப் பெண்களுக்கும் மகப்பேற்று நலம் உண்டு என்றது மன்றம். நல்ல தீர்ப்பு. ஆனால் தில்லிப் பெண்களுக்கு ஓர் ஆள்பதிவேடு இருந்தது. நம் பெண்களுக்கு அதுவும் இல்லை.

இதில் இன்னொரு கொடுமை. உணவகத்தின் வாயிலில் மதம், சாதி, பால், பிறப்பிடம் சொல்லி எவரையும் தடுத்தலாகாது என்று அரசமைப்பின் 15-ஆம் உறுப்பு கடைக்காரனைக் கட்டுகின்றது. தனிக்குவளை வைத்தவனைத் தண்டிக்க 1955-லேயே சட்டம் வந்தது. சூலியை வண்டியில் ஏற்ற மறுத்தவனைப் பற்றி மகப்பேற்றுச் சட்டத்தில் ஒரு சொல் இல்லை. வேலையில் இருப்பவளை அது காக்கும். வேலைக்கு வருபவளை அது அறியாது.

தமிழக அரசு முத்துலெட்சுமி பெயரில் 18,000 உருபா மதிப்பில் மகப்பேற்று உதவி தருகின்றது என்பர். தரட்டும். அது மக்கள் வரிப்பணம். அவள் உழைப்பில் கொழுத்தவன் அதில் ஒரு காசும் போடவில்லை.

1956-இல் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போனதை நாம் மறக்கவில்லை. உறங்குவது தேனி மாவட்டம், உழைப்பது இடுக்கி மாவட்டம் என்று ஆனபின் இரு மாநிலத் தொழிலாளர் துறைகளும் அவளைத் தம் கணக்கில் எழுதத் தயங்குகின்றன. ஆனால் எல்லையை மட்டும் பழித்து அமைவது நேர்மையன்று. அம்மலைத் தோட்டங்களில் போடித் தமிழர்க்கு உரியனவும் உண்டு. கூலி கொடுக்கும் கை தமிழ்க்கை என்பதால் ஏடு எழுதப்பட்டுவிடவில்லை. மேடையில் தாய்மொழி, தாய்நாடு என்று முழங்கிவிட்டு, தாயாகப் போகின்றவளைச் சாலையோரம் நிறுத்திவிட்டுப் போகும் வண்டியைப் பாராதது போல் இருக்கின்றோமே, நம்மையும் சேர்த்தே சொல்லுகின்றேன். 2015-இல் மூணாற்றுத் தேயிலைத் தமிழ்ப்பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களையே ஒதுக்கிவிட்டுத் தெருவில் அமர்ந்தார்கள். அவர்களுக்கு முன்னே போய் நின்ற தமிழ் இயக்கம் எது?

போடி ஏலக்கூடத்துக்குப் போய்ப் பாருங்கள். (ஏலம் போடுதல் என்னும் வழக்கு போர்த்துக்கீசியர் வழி வந்தது என்பர், ஏலம் என்னும் பயிர்ப்பெயரோ நம்முடையது.) காயின் பருமன் மில்லிமீட்டரில் அளக்கப்படுகின்றது; எடை எழுதப்படுகின்றது; விற்றவன், வாங்கியவன், விலை எல்லாம் பதிவாகின்றன. பறித்தவளின் நாள் ஒன்றுதான் எழுத முடியாததா?

சிறுதோட்டக்காரன் 26 கிழமை ஊதியத்தைத் தாங்குவானா என்னும் கேள்வியில் உண்மை உண்டு. ஆகவே தனியொருவன் தலையில் கட்டச் சொல்லவில்லை. விற்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் சிறுதொகை பிடித்துப் பொதுவைப்பு ஒன்று அமையட்டும். எத்தனை தோட்டமாயினும் நாள்கள் கூட்டப்படட்டும். கருவுற்றமை காட்டி வேலை மறுத்த நாளும் வேலைநாளாகவே எண்ணப்படட்டும். நாளட்டை அவள் கையில், தமிழில், கங்காணியின் கையெழுத்தோடு இருக்கட்டும். சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அட்டை அடிக்க அச்சகம் போடியிலேயே உண்டு. நம் தோழர்கள் வருகின்ற ஆவணிக்கு முன் அவற்றை அச்சிட்டு, விடியற்காலை வண்டி நிற்குமிடத்தில் ஒவ்வொரு பெண்ணின் கையிலும் கொடுக்க வேண்டும்.